பாதியில் நின்ற வேலை

துப்பாக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் வந்தது. உள்ளே பஞ்சு, மேலே குறுக்கும் நெடுக்குமாக ரப்பர் பேண்ட். கடைவீதியில் பட்டப்பகலில் ஒரு கடிகாரக் கடைக்காரரின் உயிரைக் குடித்த பொருளை, இன்ஸ்பெக்டர் ஏதோ டிபன் வாங்கிவந்தவர் மாதிரி அவள் மேசையில் வைத்தார்.

"என்ன சார், டீக்குத் தொட்டுக்கவா?" என்றாள் அவள்.

"கடிச்சிடாதீங்க மேடம். பல்லு போயிடும்."

"போனா போகட்டும். என் தம்பி பல்செட் பண்றவன்தான். ஓசியில கட்டிக்குவேன்."

தடயவியல் ஆய்வகத்தில் அவளுக்குத் 'தோட்டா டாக்டர்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். துப்பாக்கிப் பிரிவில் அவள் கைக்கு வந்த எந்த இரும்பும் வாயைத் திறக்காமல் திரும்பிப் போனதில்லை. ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் தொழிற்சாலை, விற்ற கடை, உரிமம் வாங்கியவரின் வீட்டு வாசல்படி என்று ஒவ்வொன்றாக வரும். அரம் போட்டு ராவியிருந்தாலும் இரும்பு அந்த எண்ணை அடிவயிற்றில் வைத்திருக்கும். மருந்து தடவி விளக்கடியில் பிடித்தால் நிழல்போல் மேலே வரும். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரும், பிடிவாதக்காரக் குழந்தையைப் பேசவைத்ததுபோல.

பஞ்சிலிருந்து இப்போது அவள் தூக்கியது சாம்பல் நிறப் பிளாஸ்டிக். டிவி ரிமோட்டைவிட லேசாக இருந்தது. எண் இல்லை, முத்திரை இல்லை, எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு எழுத்தும் இல்லை.

"ஊர் பேர் தெரியாத பய," என்றார் இன்ஸ்பெக்டர். "சுட்டவன் கூட்டத்துல கலந்துட்டான். இதைச் சாக்கடை ஓரமாப் போட்டுட்டுப் போயிட்டான். ஆளைப் பத்தி எனக்கு இப்போதைக்குக் கவலையில்ல மேடம். இதுக்கு அப்பன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. எந்த மெஷின்ல அச்சடிச்சதுன்னு தெரிஞ்சா போதும். மெஷின்காரன் தானா உள்ள போயிடுவான். நீங்க போட்ட சட்டம்தானே?"

"நான் எங்க சார் சட்டம் போட்டேன்? ஒரு வார்த்தை சொன்னேன்" என்றபடியே அவள் துப்பாக்கியைத் திருப்பினாள்.

கைப்பிடியின் பக்கவாட்டில், கீழ்மூலையில், ஒரு பிறை. வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுக்கு மெல்லிய, மேலே எழும்பிய ஒரு கோடு.

உருப்பெருக்கிக் கண்ணாடி அவள் கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டது. அது போய் முட்டிக்கொண்டது அவளுடைய செல்போன் ஸ்டாண்டில். போன பிறந்தநாளுக்குத் தம்பி தன் கடையில் அச்சடித்துக் கொடுத்த ஸ்டாண்ட். அதன் அடியிலும் அதே பிறை இருப்பது அவளுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டரின் வலதுகை அந்த ஸ்டாண்டுக்கு ஒரு சாண் தள்ளி, விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி."

துப்பாக்கியைத் திரும்பப் பஞ்சில் வைத்து மூடினாள். நிதானமாகப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தாள். அதை அன்று அவள் மறுபடி திறக்கவே இல்லை.

*

அந்தப் பிறை அவள் கையால் வந்தது.

சட்டத் திருத்தக் குழு ஆய்வகத்தைக் கேட்டிருந்தது: வீட்டிலேயே துப்பாக்கி அச்சடிக்கலாம் என்கிறார்களே, மெய்யா, வெறும் வதந்தியா? மெய்தான் என்று காட்ட அவளை நியமித்தார்கள். ஆய்வகத்தில் ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம் இருந்தது. சமையலறை அடுப்பு அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே ஒரு தட்டு. உருக்கிய பிளாஸ்டிக்கை நூல்போல் இழைத்து அந்தத் தட்டின்மேல் அடுக்கடுக்காக ஏற்றும் ஒரு மூக்கு. பிடிபட்ட ஒருவனின் கம்ப்யூட்டரிலிருந்த துப்பாக்கி வடிவக் கோப்பை ஒரு சின்ன மெமரி அட்டையில் ஏற்றி இயந்திரத்தில் செருகினாள். ஒன்று வந்தது. கைவசம் இன்னொன்று இருக்கட்டுமே என்று இரண்டாவதையும் தொடங்கினாள். பாதியில் மின்சாரம் போய்விட்டது. ஒன்று போதுமென்று விட்டுவிட்டாள். தட்டில் ஒட்டிக்கொண்டிருந்த அரைகுறைத் துண்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தபோது முனை வழுக்கித் தட்டில் ஒரு கீறல் விழுந்தது. பிறை மாதிரி. அதன்பிறகு அந்தத் தட்டில் பிறந்த எதுவும் அந்தக் கீறலைத் தழும்பாக வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தது.

குழுவின் கூட்டத்துக்கு அந்தத் துப்பாக்கியைப் பென்சில் பாக்ஸில் வைத்து எடுத்துப் போனாள். வாசல் சோதனையில் யாரும் நிறுத்தவில்லை. நீளமான மேசைமேல் எடுத்து வைத்தாள். ஓர் உறுப்பினர் கேட்டார்: "நம்ம சட்டம் முழுக்க எண்ணை நம்பி நிக்குதும்மா. எண்ணே இல்லைன்னா யாரைப் பிடிக்கிறது?"

"மெஷினைப் பிடியுங்க ஐயா" என்றாள் அவள். "மெஷின் யாரோடதோ அவர்தான் செஞ்சவர்."

கேட்க நன்றாக இருந்தது. சட்டத்திலும் ஏறக்குறைய அப்படியே ஏறிவிட்டது. உள்ளே போனால் ஜாமீன் கிடையாது. அவளுடைய பேட்டி வந்த பத்திரிகைப் பக்கத்தைத் தம்பி தன் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டினான். "சட்டம் போட்டவளுக்கே சட்டம்" என்று சிரித்தான்.

பிறகு ஆய்வகத்துக்குப் புது இயந்திரம் வந்தது. பழையது ஏலத்துக்குப் போனது. போவதற்கு முன் அவளே கவனமாக அட்டையைக் கழற்றி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்துப் பெட்டகத்தில் பூட்டினாள். தடயத்தைக் கையாள்பவர்களின் புத்தி அப்படித்தான்: உறையில் போட முடிகிற ஒன்றை உறையில் போட்டு முத்திரை வைத்துவிட்டால், வேலை முடிந்தது என்று மனசு அமைதியாகிவிடும். அன்று மாலை தம்பிக்குப் போன் செய்தாள். "நல்ல மெஷின்டா. அடிமாட்டு விலைக்குப் போகுது. விட்டுடாத."

அவன் விடவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை தம்பியின் கடைக்குப் போனாள். கடை என்றால் மாடிப்படிக்குக் கீழே முன்னறை. அதற்குப் பின்னால் வீடு. சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கச் சுண்ணாம்புத் தாடைகள். உதடில்லாத அத்தனை சிரிப்பும் வருகிறவரைப் பார்த்தபடி இருக்கும். தம்பி ஒரு கடைவாய்ப் பல்லை இடுக்கியால் பிடித்து, இளஞ்சிவப்பு மெழுகில் நட்டுக்கொண்டிருந்தான். மூலையில் அந்த இயந்திரம், மேலே ஒரு துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தது.

"வாங்க தோட்டா டாக்டர். லீவு நாள்ல தரிசனம். யாரைப் பிடிக்க வந்தீங்க?"

"உன்னைத்தான்" என்றாள்.

"பிடிச்சிட்டுப் போங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி, பின்னறையிலிருந்து பல்செட் ஒன்றுக்குப் பாலீஷ் போட்டபடியே. "அங்கயாவது நேரத்துக்குக் குளிப்பாரு."

"பார்த்தியாக்கா, நாத்தனாரும் நாத்தனாரும் ஒண்ணு சேர்ந்தா..."

"நான் எங்கடா இவளுக்கு நாத்தனார் மாதிரி நடந்திருக்கேன்?"

"அதான் அண்ணி என் குறையே" என்றாள் தம்பி மனைவி. "சண்டை போடக்கூட ஆளில்லாத வீட்டுல வந்து மாட்டிக்கிட்டேன்." சிரித்துவிட்டு, பாலீஷ் சக்கரத்தின்மேல் குனிந்து ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினாள். பாட்டு என்று சொல்ல முடியாது. சுரம் இரண்டு படி ஏறும், சட்டென்று இறங்கும், மூச்சுப் பிடித்ததுபோல் நிற்கும். மறுபடி முதலிலிருந்து வரும்.

"என்ன பாட்டும்மா அது?"

"எது அண்ணி?"

"இப்ப பாடினியே."

"நான் பாடினேனா?" என்று கணவனைப் பார்த்தாள்.

"மெஷின் பாட்டுக்கா" என்றான் தம்பி. "மோட்டார் ஓடுறப்போ அப்படித்தான் சத்தம் வரும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெட்டு. பல்லுக்கு ஒண்ணு, தாடைக்கு ஒண்ணு. இவ பிடிச்சுக்கிட்டது பேய் மெட்டு."

"பேயா?"

"உங்க மெஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கு. கவர்மெண்ட் பேய். நாம சொன்னா ஒண்ணும் செய்யாது. கரண்ட் போய்ட்டு வந்தா மட்டும் எழுந்து வேலை பார்க்கும்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். "நீ வாங்கச் சொன்னதுலேர்ந்து இப்படித்தான். சொன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்."

அவள் போய்த் துண்டை விலக்கினாள். கண்ணாடிக் கதவுக்குள் தட்டு. தட்டின் மூலையில் அவளுடைய பிறை.

கேட்கவேண்டியதை எப்படி ஆரம்பிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே மின்விசிறி சுழற்சி குறைந்து நின்றது. பாலீஷ் சக்கரம் நின்றது. தெருவில் யாரோ மின்வாரியத்தை ஒரு வார்த்தை திட்டினார்கள். அரையிருட்டில் சுண்ணாம்புப் பற்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. தம்பியும் அவன் மனைவியும் எதற்கோ காத்திருப்பதுபோல் இயந்திரத்தின் பக்கம் திரும்பியிருப்பதை அவள் கவனித்தாள்.

மின்சாரம் வந்தது. விசிறி சுழலத் தொடங்குமுன்பே இயந்திரத்தின் சின்னத் திரை வெளிச்சமானது. 'பாதியில் நின்ற வேலை. தொடரவா?' அதன் கீழே ஆம், வேண்டாம் என்று இரண்டு கட்டங்கள். பக்கத்தில் ஓர் எண் குறைந்துகொண்டே வந்தது.

"'வேண்டாம்'னு அமுக்கினா அப்போதைக்கு அடங்கும்" என்றான் தம்பி. "அடுத்த தடவை கரண்ட் போச்சுன்னா மறுபடி கேக்கும். நாம பதில் சொல்லலைன்னா அதுவே 'ஆமா'ன்னு எடுத்துக்கும்."

அவள் அமுக்கவில்லை. எண் தீர்ந்தது. மூக்கு சூடேறி நகர்ந்தது. இரண்டு படி ஏறி, சட்டென்று இறங்கி, மூச்சுப் பிடித்து நின்று, மறுபடி முதலிலிருந்து. பின்னறை வாசலில் நின்ற தம்பி மனைவியின் உதடுகள் அதோடு சேர்ந்து அசைந்தன.

அவளுக்கு விளங்கிவிட்டது. வேலை முடிந்தது என்பதை இந்த இயந்திரம் அட்டையில்தான் எழுதிவைக்கும். அட்டை அரக்கு முத்திரைக்குள், பெட்டகத்துக்குள் இருக்கிறது. கோப்பின் நகல் ஒன்று இயந்திரத்தின் உள்ளேயே தங்கிவிட்டதை யாரும் யோசிக்கவில்லை. எங்கே விட்டது என்ற குறிப்பும் அட்டையில்தான் என்பதால், அவள் பாதியில் விட்ட அந்த இரண்டாவது துப்பாக்கியை அது ஒவ்வொரு முறையும் அடியிலிருந்தே இன்னும் செய்துகொண்டிருக்கிறது. எத்தனை முறை செய்து முடித்தாலும், முடிந்ததென்று அதற்குத் தெரியாது.

பிளக்கைப் பிடுங்கினாள். சத்தம் பாதி சுரத்தில் அறுந்தது.

"இதுல வந்ததையெல்லாம் என்னடா பண்ணின?"

"என்ன பண்றது? வெளியில போனப்போ கரண்ட் போய் வந்தா, திரும்பி வர்றப்போ தட்டுல கிடக்கும். ஒரு வளைஞ்ச பிடி, ஒரு டப்பா மாதிரி, குச்சி குச்சியா நாலஞ்சு. உங்க ஆபீஸ்ல டெலஸ்கோப்புக்கோ எதுக்கோ பண்ணியிருப்பீங்கன்னு நினைச்சேன். கழிவுப் பெட்டியில போட்டுடுவேன்."

"ஒண்ணை நான் மேஜைக்கு முட்டுக் கொடுத்திருக்கேன் அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

அவள் குனிந்து பார்த்தாள். தம்பி இவ்வளவு நேரமும் கை ஊன்றிப் பல் நட்டுக்கொண்டிருந்த மேசையின் ஒரு காலுக்கு அடியில், சாம்பல் நிறத்தில் ஒரு துப்பாக்கிக் கைப்பிடி.

"கழிவுப் பெட்டியை யார் எடுப்பா?"

"பழைய பிளாஸ்டிக் வாங்குறவர் ஒருத்தர். மாசத்துக்கு ஒரு தடவை வந்துட்டிருந்தவர், நடுவுல அடிக்கடி வர ஆரம்பிச்சார்" என்றான் தம்பி. பேச்சு மெதுவானது. எதையோ இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறவன்போல் இடுக்கியைக் கீழே வைத்தான். "கரண்ட் போனா மறுநாள் வாசல்ல நிப்பார். 'நேத்து இங்க கரண்ட் போச்சா?'ன்னு கேப்பார். பேரம் பேசறதையும் விட்டுட்டார். நல்ல மனுஷன்னு நினைச்சேன்."

"இப்ப?"

"இப்ப வர்றதில்லக்கா. கொஞ்ச நாளா ஆளே இல்லை. கழிவுப் பெட்டி நிரம்பிக் கிடக்கு."

அவள் உட்கார்ந்துகொண்டாள். கடிகாரக் கடைக்காரரைப் பற்றிச் சொன்னாள். பிஸ்கட் டப்பாவைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் தம்பி மனைவிதான் முதலில் பேசினாள். குரலில் கேலி சுத்தமாக இல்லை.

"மெஷின் யாரோடதோ அவர்தான் செஞ்சவர். அப்படித்தானே அண்ணி? சுவத்துல மாட்டியிருக்கு, தினம் துடைக்கிறேன்."

"அக்கா" என்றான் தம்பி. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அந்த முகம். "நான் உள்ள போயிடுவேனா?"

அவளுக்கு அதற்குப் பதில் தெரியும். இயந்திரத்திலிருந்து தட்டைக் கழற்றினாள். மேசையடியிலிருந்து கைப்பிடியை உருவினாள். மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு சுண்ணாம்புத் தாடை உருண்டு விழுந்து இரண்டாக உடைந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

*

திங்கட்கிழமை காலை, தட்டை ஆய்வக மேசைமேல் வைத்துவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்தில் மிக நைசான உப்புத்தாள் ஒன்று கிடந்தது. தேடி எடுத்துவரவில்லை, அது எப்போதும் அங்கேதான் இருக்கும். நாலு இழுப்பு இழுத்தால் பிறை போய்விடும். போய்விட்டால் அந்தத் துப்பாக்கி உலகத்தில் எந்த இயந்திரத்தோடும் ஒட்டாது. ஆய்வு முடிவில் 'பிறப்பிடம் தெரியவில்லை' என்று எழுதலாம். தம்பி பல் நட்டுக்கொண்டிருப்பான்.

உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். தட்டின்மேல் வைத்தாள்.

எத்தனை பேர் எண்ணை ராவி அழித்த இரும்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும், அந்த அரத்தைப் பிடித்த கை எப்படிப்பட்டதாக இருக்கும் என்று அவள் கற்பனை செய்து பார்த்ததுண்டு. முரட்டுக் கை, வெட்கமில்லாத கை. தன்னுடையது மாதிரி, நகத்தை ஒட்ட வெட்டிய, லேசாக வியர்த்த கையாக இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

கதவு தட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர். அவர் கையில் இந்தமுறை ஒரு பெரிய அட்டைப்பெட்டி.

"உட்காருங்க சார்" என்றாள். உப்புத்தாளைக் குப்பைக்கூடையில் போட்டாள். உட்காரும் வரைகூடப் பொறுக்கவில்லை. "மெஷின் என் தம்பியோடது. அதுக்கு முன்னால இந்த ஆபீஸோடது. அந்தத் தழும்பு இந்தத் தட்டுல நான் போட்ட கீறல். கோப்பும் நான் ஏத்தினதுதான். அவனுக்கு அது என்னன்னே தெரியாது. ஆனா உங்க சட்டத்துக்கு அது முக்கியமில்ல, எனக்குத் தெரியும்."

இன்ஸ்பெக்டர் நின்றபடியே கேட்டார். தட்டைப் பார்த்தார். வாங்கித் திருப்பிப் பார்த்தார். கோபமோ ஆச்சரியமோ அந்த முகத்தில் இல்லை. பல நாள் தூங்காதவர் முகம்போல் இருந்தது.

"உங்க தம்பி வெளியூர் எங்கயும் போவாரா மேடம்?"

"பக்கத்துத் தெருவுக்குப் போகவே அவன் பொண்டாட்டி தள்ளிவிடணும். ஏன்?"

அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறைகளில் துப்பாக்கிகள். கறுப்பு, வெள்ளை, நீலம். குழந்தைகள் பொம்மைபோல் பச்சையில் ஒன்று.

"துறைமுகத்துல ஒண்ணு. எல்லைச் சோதனைச் சாவடியில ரெண்டு. மலைப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில ஒண்ணு. நேத்து ராத்திரிதான் எல்லா ஊர்லேர்ந்தும் வந்து சேந்துது. எல்லாத்துலயும் உங்க தழும்பு இருக்கு."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினாள். இருந்தது. அதே மூலையில், அதே வளைவில். பச்சைத் துப்பாக்கியை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தம்பியின் மேசையடியிலிருந்து எடுத்து வந்த கைப்பிடியை வைத்தாள். கடைசியாகப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, கடிகாரக் கடைக்காரரைக் கொன்றதை வைத்தாள்.

தட்டின்மேல் படுத்துப் பிறந்த முகம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். தம்பி வீட்டுக் கைப்பிடி அப்படித்தான் இருந்தது: வழவழப்பான முகம், அதன்மேல் தழும்பு. மற்றவற்றில் அந்தப் பக்கம் முழுவதும் இழை இழையாக வரிகள் ஓடின. வரிகள் பிறையின்மேலும் ஏறி இறங்கி ஓடின. கொன்ற துப்பாக்கியிலும் அப்படியே. அந்தப் பக்கம் எந்தத் தட்டையும் தொட்டதே இல்லை. அந்தத் தழும்பு கீறலால் விழுந்ததல்ல. மூக்கைப்போல, காதைப்போல, உருவத்தின் ஓர் உறுப்பாகவே அச்சடிக்கப்பட்டிருந்தது.

முதல் நாளே நிதானமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்த முகத்தைக் கண்டதும் அவள் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"தம்பி கழிச்சுப் போட்டதைப் பழைய பிளாஸ்டிக் வாங்குற ஒருத்தர் எடுத்துட்டுப் போவார். யாரோ அதையெல்லாம் சேர்த்து வச்சு, அளவெடுத்துப் புதுசா ஒரு கோப்பு பண்ணியிருக்காங்க" என்றாள் மெதுவாக. "எதுக்கு இந்தக் கோடுன்னு தெரியல. ஏதோ அவசியமா இருக்கும்னு அதையும் சேர்த்துப் படியெடுத்துட்டாங்க. அதான் அந்த ஆள் இப்ப அங்க வர்றதில்ல. அவருக்கு என் தம்பி மெஷின் இனிமே வேண்டாம்."

"இனிமே யாருக்கும் வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு கேள்வி மேடம். நேராப் பதில் சொல்லுங்க. கடைக்காரரைக் கொன்னது உங்க தம்பி மெஷின்ல வந்ததா?"

"இல்லை."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"எழுதுவேன். அதுதான் உண்மை."

அவர் தலையாட்டினார். "அப்ப இந்தக் கேஸ்ல அவர் சாட்சி மட்டும்தான். இப்போதைக்கு. அந்த மெஷினை மட்டும் ஆளனுப்பி எடுத்துக்கிறேன். பழைய பிளாஸ்டிக்காரர் அடையாளம் வேணும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "அப்ப இது எந்த மெஷின்ல வந்தது?"

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். அத்தனை நிறத்திலும் அவளுடைய கை வழுக்கிய அந்த ஒரு கணம் படுத்திருந்தது.

"தெரியல சார்" என்றாள். தம்பியைக் காப்பாற்ற அவள் பொய்யாக எழுத நினைத்த வாசகமும் அதுதான். இப்போது அது நிஜமாகிவிட்டது.

*

தம்பி தப்பித்துவிட்டான் என்பது மத்தியானம்தான் அவளுக்கு உறைத்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த நேரம் பார்த்து ஆய்வகத்தில் மின்சாரம் போனது. நகரம் முழுக்கப் போனதாக வராந்தாவில் யாரோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. குளிர்பெட்டி உறுமியது. விசிறி சுழன்றது.

செல்போன் ஸ்டாண்டில் இருந்த போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, இங்க கரண்ட் வந்துடுச்சு."

"இங்கயும் வந்துடுச்சும்மா. அவனுக்கு ஒண்ணும் இல்ல, சொன்னானா? மெஷினை வந்து எடுத்துக்கிட்டாங்களா?"

"காலையிலேயே தூக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த மூலை காலியாத்தான் கிடக்கு." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "ஆனா கேக்குது அண்ணி."

"என்ன கேக்குது?"

"அந்த மெட்டு."

"உனக்கு வாயில தங்கிடுச்சும்மா அது. நீயே உனக்குத் தெரியாம..."

"நான் பாடலை. வாயைக் கையால பொத்திக்கிட்டுத்தான் கேட்டேன். உங்க தம்பியும் கேக்குறாரு. இருங்க, போனை ஜன்னல் பக்கம் நீட்டுறேன்."

உரசல் சத்தம். பிறகு தெரு. ஒரு பைக் போனது. யாரோ வாளியைத் தரையில் வைத்தார்கள். ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது. இதற்கெல்லாம் அடியில், எதிர் மாடியிலிருந்தோ பக்கத்துச் சந்திலிருந்தோ, இரண்டு படி ஏறி, சட்டென்று இறங்கி, மூச்சுப் பிடித்து நின்றது. அது நின்ற இடத்தில், இன்னும் தள்ளி எங்கோ, இன்னொன்று முதலிலிருந்து தொடங்கியது.